எழுப்பிப் பாருங்கள்

(ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர் ஒருவர் பொது நூலக அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நல்லாக் குறட்டை விட்டுத் தூங்குறான் சிஸ்டர். இப்பத்தான் கண்ணசந்தான். எழுப்பாதீங்க."

இதை முதன்முதலில் என்னிடம் சொன்னவர் ஒரு தாய். 1986-ஆம் வருடம். நான் வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்கூட முடியவில்லை. ஒரு மாவட்ட ஆஸ்பத்திரி, ஆண்கள் சர்ஜிகல் வார்டு, இரவுப் பணி. நாற்பது கட்டிலுக்கு நான் ஒருத்தி, கூட ஓர் உதவியாளர். அந்தப் பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். சாயங்காலம் சைக்கிளில் போனவன் வாய்க்கால் பாலத்துக் கல்லில் இடது பொட்டு மோத விழுந்திருக்கிறான். சில நிமிடம் நினைவில்லை. பிறகு தானே எழுந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருக்கிறான். தலைவலி, இரண்டு தரம் வாந்தி என்று அழைத்து வந்தார்கள். ராத்திரி பத்து மணிக்கு நான் கேட்டபோது பெயர் சொன்னான், ஊர் சொன்னான், பசிக்கிறது என்றான்.

மணிக்கொரு தரம் பார்க்கும்படி டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தார். பதினொன்றுக்குப் பார்த்தேன். பன்னிரண்டுக்குப் பார்த்தேன். ஏன் எழுப்புகிறாய் என்று எரிச்சல்பட்டான். ஒரு மணிக்குப் போனபோதுதான் அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சொன்னார். எனக்கு மனசு இளகிவிட்டது. சத்தம் போடாமல் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டேன்.

இரண்டு மணிக்குத் திரும்பி வந்தேன். குறட்டை இருந்தது, ஆனால் மூச்சு சீராக இல்லை. தோளைத் தட்டினேன், கூப்பிட்டேன், கிள்ளினேன். எழவில்லை. இமையைத் தூக்கி டார்ச் அடித்தேன். வலது கண்ணின் பாப்பா சட்டென்று சுருங்கியது. இடது கண்ணின் பாப்பா, சட்டைப் பொத்தான் அளவுக்கு அகன்று, வெளிச்சம் பட்டும் அசையாமல் நின்றது.

அந்த ஒரு மணி நேரத்தில் அவன் தலைக்குள் என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். இதற்கு மருத்துவத் தமிழில் மூளைப் பிதுக்கம் என்று பெயர். வார்டில் நாங்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "கோனிங் ஆயிடுச்சு" என்போம். குடல் இறங்கினால் குடலிறக்கம் என்கிறோம் அல்லவா, அதுபோல மூளையும் தன் இடத்தைவிட்டு இறங்கும், பிதுங்கும். குடலிறக்கத்தோடு பல வருடம் நடமாடுகிறவர்கள் உண்டு. மூளை இறங்கினால் நமக்குக் கிடைப்பது மணிக்கணக்குதான், சில சமயம் நிமிடக்கணக்குதான்.

மண்டையோட்டைத் தேங்காயோடு ஒப்பிடுவது நம் ஊர் வழக்கம். இந்த விஷயத்தில் அது பொருத்தமான ஒப்புமை. ஓடு கெட்டியானது, விரியாது. உள்ளே ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் கொள்ளும். அதில் பத்தில் எட்டுப் பங்கு மூளை, ஒரு பங்கு ரத்தம், ஒரு பங்கு மூளையைச் சுற்றியிருக்கும் தண்டுவட நீர். அந்த நீர் சுமார் 150 மில்லிதான், இரண்டு சின்ன டீ கிளாஸ் அளவு. ஆனால் தினமும் அரை லிட்டர் போல ஊறுகிறது, அதே அளவு வடிகிறது. ஊறுவதும் வடிவதும் ஒத்துப்போகும்வரை உள்ளே அழுத்தம் கட்டுக்குள் இருக்கும். படுத்திருக்கும் பெரியவர்களுக்கு அது பாதரசக் கணக்கில் 7 முதல் 15 மில்லிமீட்டர். தலைக்காயத்தில் 22-ஐத் தாண்டினால் இறக்க மருந்து கொடுக்கிறார்கள்.

மண்டைக்குள் இடம் இவ்வளவுதான், ஒன்று கூடினால் இன்னொன்று குறைந்தே தீரவேண்டும் என்று முதலில் சொன்னவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். எடின்பரோவில் உடற்கூறு கற்பித்த அலெக்சாண்டர் மன்ரோ 1783-ல் எழுதினார். அவருடைய மாணவர் ஜார்ஜ் கெல்லி பக்கத்துத் துறைமுகமான லீத்தில் மருத்துவராக இருந்தார். 1821 நவம்பர் 3-ஆம் தேதி அங்கே ஒரு புயல். மறுநாள் காலை ஊரோரத்தில் புயலில் சிக்கி இறந்தவர்களின் உடல்கள் கிடந்தன. கெல்லி அவற்றில் இரண்டை அறுத்துப் பார்த்து, மூளைக்குள் ரத்தம் எப்படித் தேங்கியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, 1824-ல் வெளியிட்டார். தண்டுவட நீரை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. 1846-ல் ஜார்ஜ் பரோஸ் என்ற லண்டன் மருத்துவர் அதைச் சேர்த்தார். இன்றைக்கும் நர்சிங் பரீட்சையில் மன்ரோ, கெல்லி பெயரைக் கேட்கிறார்கள். புயலில் செத்துக் கிடந்த, பெயர் தெரியாத அந்த மனிதர்களை நான் என் மாணவிகளுக்குச் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பேன்.

சரி, கணக்கு சொல்லிவிட்டேன். இனி இந்தக் கணக்கு ஏன் ஏமாற்றுகிறது என்று பார்ப்போம். பொங்கலுக்கு முந்தின நாள் ஊருக்குப் போகும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஏறுகிற ஐம்பது பேரால் யாருக்கும் தொந்தரவில்லை. பிறகு இருபது பேர் நிற்கிறார்கள், கொஞ்சம் நகர்ந்து கொடுத்தால் போதும். அதற்குப் பிறகு ஏறுகிற மூன்றே பேர், ஒரே ஒரு மூட்டை, அவ்வளவுதான், மூச்சு முட்டுகிறது, படியில் நிற்பவர் வெளியே தள்ளப்படுகிறார். தலைக்குள்ளும் அப்படியே. ரத்தம் கசியத் தொடங்கியதும் தண்டுவட நீர் முதுகுத்தண்டுப் பக்கம் இறங்கி இடம் விடுகிறது. சிரைகள் சுருங்கி இடம் விடுகின்றன. அதுவரை அழுத்தமானி ஏறக்குறைய அசையாது. ஆள் பேசுவார், தண்ணீர் கேட்பார், பசிக்கிறது என்பார். விடுவதற்கு இடம் தீர்ந்த பிறகு, இன்னும் ஒரு கரண்டி ரத்தம் கசிந்தால்கூட அழுத்தம் செங்குத்தாக ஏறிவிடும். பன்னிரண்டு மணிக்கு எரிச்சல்பட்ட பையன் இரண்டு மணிக்குக் கிள்ளினாலும் அசையாமல் கிடந்தது இதனால்தான்.

"நல்லாத்தானே பேசிட்டிருந்தாரு, திடீர்னு இப்படி ஆயிட்டாரே" என்று அழுகிறவர்களை கேஷுவாலிட்டி வாசலில் தினமும் பார்க்கலாம். உள்ளே திடீரென்று எதுவும் ஆகவில்லை. மணிக்கணக்காக இடம் குறைந்துகொண்டே வந்தது. அது வெளியே தெரியவில்லை.

அழுத்தம் ஏறினால் மூளை எங்கே போகும்? மூளை இளகிய பொருள், கெட்டித் தயிர் மாதிரி. மண்டைக்குள் கெட்டியான திரைகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, பெருமூளையை இடம் வலமாகப் பிரித்துக்கொண்டு மேலிருந்து தொங்குவது. அரிவாள் வடிவம், லத்தீனில் அதன் பெயரும் அரிவாள்தான். இன்னொன்று, பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவே கூடாரத்துணி போல் விரிந்திருப்பது. அந்தக் கூடாரத்தின் நடுவில் ஒரு வாசல். அதன் வழியாகத்தான் மூளைத்தண்டு கீழே இறங்குகிறது. நாம் விழித்திருப்பது, மூச்சு விடுவது, ரத்த அழுத்தம் எல்லாம் அந்தத் தண்டின் பொறுப்பு. கடைசியில், மண்டையின் அடியில் ஒரு துளை. மூன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். மூளைத்தண்டு தண்டுவடமாகி வெளியேறுவது அங்கேதான். தேங்காயில் குச்சி நுழைகிற கண் ஒன்று உண்டே, அதுபோல இதுதான் ஒரே வழி.

அரிவாள் திரைக்கு அடியில் ஒரு பக்க மூளை மறுபக்கம் நழுவலாம். அதை ஸ்கேனில்தான் பார்க்க முடியும், ஆளைப் பார்த்துச் சொல்வது கடினம். சிறுமூளையின் கீழ் நுனிகள் இரண்டும் அடித்துளைக்குள் இறங்கி மூளைத்தண்டை நெரிக்கலாம். அப்போது மூச்சு நின்றுவிடும். வார்டில் நாங்கள் மிகவும் பயப்படும் கோனிங் இதுதான். மூளையில் கட்டியோ சீழோ இருக்கிறவருக்கு ஸ்கேன் பார்க்காமல் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கத் தயங்குவதும் இதனால்தான். கீழே நீரை எடுத்தால் மேலிருந்து மூளை அந்தப் பக்கம் உறிஞ்சப்பட்டு இறங்கிவிடக்கூடும்.

நான் நின்று சொல்ல விரும்புவது நடு வாசலைப் பற்றி, கூடாரத்தின் வாசல். பொட்டுக்கு உட்புறம் இருக்கிற மூளைப்பகுதியில் கொக்கி போல வளைந்த ஒரு நுனி, அந்த வாசலின் ஓரமாகவே உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் ரத்தம் கட்டினால் முதலில் நழுவுவது அதுதான். நழுவும்போது, வாசலை ஒட்டி ஓடும் மூன்றாவது மூளை நரம்பை அது நசுக்குகிறது. கண்ணின் பாப்பாவைச் சுருக்கும் இழைகள் அந்த நரம்பின் மேற்புறத்தில் ஓடுகின்றன, கயிற்றின் வெளிப்பிரி போல. நசுக்கும்போது முதலில் அடிபடுவது வெளிப்பிரிதானே. அதனால்தான் கை கால் எல்லாம் விழுவதற்கு முன்பே, சில சமயம் அதோடு சேர்ந்தே, அடிபட்ட பக்கத்துப் பாப்பா அகன்று நிற்கிறது. லண்டன் அறுவை மருத்துவர் ஜொனாத்தன் ஹட்சின்சன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைக் கவனித்துச் சொன்னதால் ஹட்சின்சன் பியூப்பில் என்றே பெயர். ஸ்கேன் வராத காலத்தில் எந்தப் பக்கம் துளை போடுவது என்பதற்கு அந்தப் பாப்பாவே வழிகாட்டி.

எப்போதாவது உடம்பு பொய்யும் சொல்லும். மூளையின் இடது பக்கம் வலது கையை ஆள்கிறது. எனவே இடது பக்கம் ரத்தம் கட்டினால் வலது கை விழவேண்டும். சிலருக்கு இடது கையே விழுந்துவிடும். நழுவும் மூளை, தண்டையே எதிர்ப்பக்கம் தள்ளி, அந்தப் பக்கத்துத் திரை விளிம்பில் மோதவிடுவதால் இப்படி நடக்கிறது. கெர்னோஹன், வோல்ட்மன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1929-ல் இதை விளக்கினார்கள். அதற்கு முன் எத்தனை பேருக்குத் தவறான பக்கத்தில் மண்டையைத் திறந்திருப்பார்கள் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்கும்.

பிரஷரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1900-ஐ ஒட்டி ஹார்வி குஷிங் என்ற இளம் அமெரிக்க அறுவை மருத்துவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகருக்குப் போய், தியோடர் கோஹரின் வழிகாட்டுதலில் விலங்குகளின் மண்டையில் சிறு கண்ணாடி சன்னல் பொருத்தி ஆராய்ந்தார். உள்ளே உப்புநீரைச் செலுத்தி அழுத்தத்தை ஏற்றியபோது மூளையின் ரத்தக்குழாய்கள் வெளுத்தன. சற்று நேரத்தில் உடம்பின் ரத்த அழுத்தம் உயர்ந்தது, வெளுத்த குழாய்கள் மறுபடி சிவந்தன. நசுங்கும் மூளை, எப்படியாவது எனக்கு ரத்தம் அனுப்பு என்று இதயத்தைக் கேட்கிறது. இதயமும் மல்லுக்கட்டி அனுப்புகிறது. மேல் பிரஷர் 200-க்குப் போகும், நாடி 50-க்குக் கீழே இறங்கும், மூச்சு தடுமாறும். கூட இருப்பவர்கள் நாடியைத் தொட்டுப் பார்த்து, நிதானமாகத்தான் இருக்கிறது என்று ஆறுதல்படுவார்கள். தலையில் அடிபட்டவருக்கு நாடி நிதானமாகிக்கொண்டே வந்தால் அது மிகக் கெட்ட சேதி. அந்த நேரத்தில் பிரஷர் ஏறிவிட்டதே என்று வீட்டிலிருக்கும் மாத்திரையை நாக்குக்கடியில் வைத்துவிடாதீர்கள். மூளைக்குப் போகிற கடைசி ரத்தத்தையும் அது நிறுத்திவிடும்.

அந்தப் பையனுக்கு வருகிறேன். சி.டி. ஸ்கேன் அப்போது எங்கள் மாவட்டத்தில் கிடையாது. லண்டனில், விம்பிள்டன் பக்கம் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சி.டி. கருவி முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்து அப்போது பதினைந்து வருடம் ஆகியிருந்தது. நமக்கு மூளை அறுவைச் சிகிச்சையும் புதிதல்ல. டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் வேலூர் சி.எம்.சி.யிலும், டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-ல் சென்னைப் பொது மருத்துவமனையிலும் தொடங்கியாகிவிட்டது. ஆனால் வேலூரும் சென்னையும் எங்களுக்கு ஓர் இரவுப் பயணம். அந்தப் பையனுக்கு ஓர் இரவு இல்லை.

ட்யூட்டி சர்ஜன் ஓடி வந்தார். கண்ணைப் பார்த்தார், இடது பொட்டுக்குமேல் கையை வைத்துப் பார்த்தார், தியேட்டருக்கு எடு என்றார். தலையைச் சிரைக்க நேரமில்லை, காதுக்கு முன்னால் ஒரு பக்கம் மட்டும் நானே மழித்தேன். கையால் சுற்றும் துளைக்கருவி அது, தச்சர் வைத்திருப்பது போலவே இருக்கும். எலும்புத்தூள் வெள்ளையாக வந்தது, பிறகு இளஞ்சிவப்பாக வந்தது, பிறகு கருவி லேசாக உள்வாங்கியது. துளை வழியாகக் கறுத்த ரத்தக்கட்டி, ஆட்டு ஈரல் நிறத்தில், தானாகவே தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. நான் தலைமாட்டில் நின்று இமையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கட்டி எடுத்துச் சில நிமிடங்களில் அந்தப் பாப்பா மெல்லச் சுருங்கத் தொடங்கியது. அப்படி ஒன்றை வாழ்க்கையில் அதுவரை நான் பார்த்ததில்லை.

பிழைத்தான். ஆனால் வலது கை பழைய மாதிரி வரவில்லை. பேச்சும் முழுதாக வரவில்லை, சொல்ல வந்த சொல் கிடைக்காமல் தவிப்பான். நான் தாண்டிப் போன அந்த ஒரு மணிப் பரிசோதனையைச் செய்திருந்தால் அந்தக் கையும் பேச்சும் மிஞ்சியிருக்குமா என்று சர்ஜனிடம் பிறகு கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அந்தத் தாய் என்னைக் குறை சொன்னதே இல்லை. டிஸ்சார்ஜ் அன்று என் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் பணியிலிருந்த கடைசி நாள்வரை, எந்தத் தாய் கையைப் பிடித்தாலும், நான் எழுப்பாமல் போனதில்லை.

பொட்டில் அடித்தாற்போல என்று பேச்சில் சொல்கிறோம். நம் முன்னோர்களுக்கு அந்த இடம் தெரிந்திருக்கிறது. அங்கே மண்டை எலும்பு மிக மெல்லியது. அதன் உட்புறத்தில், எலும்பில் பதிந்த பள்ளத்துக்குள் ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு கீறினால் தமனியும் கிழியும். எலும்புக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் கட்டும். இதன் கொடுமையே, நடுவில் கிடைக்கும் அந்தத் தெளிவான நேரம்தான்.

2009 மார்ச் 16-ஆம் தேதி, நடாஷா ரிச்சர்ட்சன் என்ற ஆங்கில நடிகை, கனடாவில் கியூபெக் மாகாணத்து மோன் ட்ரெம்ப்ளான் மலையில் பனிச்சறுக்குக் கற்றுக்கொண்டிருந்தார். புதிதாகப் பழகுகிறவர்களுக்கான சரிவு. தலைக்கவசம் போட்டிருக்கவில்லை. விழுந்தார், எழுந்தார், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். வந்த ஆம்புலன்ஸ் திரும்பிப் போயிற்று. ஒரு மணி நேரம்போலக் கழித்துத் தலைவலி. உள்ளூர் மருத்துவமனை, அங்கிருந்து மாண்ட்ரியல், அங்கிருந்து நியூயார்க். 18-ஆம் தேதி இறந்தார். வயது 45. பொட்டுத் தமனியில் நடக்கிற அதே வகை ரத்தக்கட்டுதான் என்று நியூயார்க் அதிகாரிகள் அறிவித்தார்கள். பணமும் புகழும் ஆம்புலன்ஸும் பக்கத்திலேயே இருந்தன. அவர் நன்றாகப் பேசினார் என்பது எல்லோரையும் அசட்டையாக்கிவிட்டது. 1975-லேயே கிளாஸ்கோ மருத்துவர்கள் பேசிவிட்டு இறக்கிறவர்கள் என்றே இவர்களைத் தனியாக எண்ணி ஆராய்ந்திருக்கிறார்கள். பேசியவர்களின் மூளை அடிபட்ட அந்தக் கணத்தில் பிழைத்திருந்தது என்றுதானே அர்த்தம். காப்பாற்றியிருக்கக் கூடியவர்கள் அவர்கள். என் மனசு ஆறாதது அதனால்தான்.

அதே கிளாஸ்கோவில் 1974-ல் டீஸ்டேல், ஜென்னெட் இருவரும் நினைவை எண்ணால் அளக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்றைய கணக்கில் கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, ஆக 15. எட்டும் அதற்குக் கீழும் ஆழ்ந்த மயக்கம். நாங்கள் ஜி.சி.எஸ். என்போம். அது எங்கள் வார்டுக்கு வருவதற்கு முன் "அரை நினைவு", "கொஞ்சம் மந்தம்" என்றுதான் எழுதுவோம். ஒரு நர்ஸின் மந்தம் இன்னொரு நர்ஸுக்குத் தூக்கம். எண் வந்த பிறகு, பத்து மணிக்கு 15, பதினொன்றுக்கு 13 என்று எழுதினால், எந்த டாக்டரையும் தூக்கத்திலிருந்து எழுப்பலாம்.

ஆஸ்பத்திரிக்குள் நீங்கள் செய்யக்கூடியது, செய்யக்கூடாதது சிலவற்றைச் சொல்கிறேன். பாசத்தால் செய்கிற தவறுகள் இவை. தலைமாட்டை முப்பது டிகிரி உயர்த்தி வைத்திருப்போம். நீங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய தலையணையைத் தலைக்கடியில் திணிப்பீர்கள். கழுத்து முன்னால் மடங்கி, கழுத்துச் சிரை நசுங்கும். ரத்தம் கீழே இறங்காமல் தலைக்குள் தேங்கும், அழுத்தம் ஏறும். தலை நேராக, மூக்கும் தொப்புளும் ஒரே கோட்டில் இருக்கவேண்டும். கழுத்தில் இறுக்கமாக மந்திரக்கயிறு கட்டியிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவிழ்த்துக் கையில் கட்டிவிடுவோம்.

மேனிட்டால் என்று ஒரு மருந்து, நீரை மூளையிலிருந்து ரத்தத்துக்கு இழுத்துச் சிறுநீராக வெளியேற்றும். மார்கழியில் அந்தப் பாட்டிலுக்குள் கற்கண்டு போலப் படிகம் கட்டிவிடும். வெந்நீரில் வைத்துக் கரைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு துகள்கூட இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஏற்றுவோம். நர்ஸ் பாட்டிலை விளக்கருகில் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, உயிர் போகும் நேரத்தில் வேடிக்கை பார்க்கிறாளே என்று திட்டியவர்கள் உண்டு. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் தெரிந்துகொள்ளுங்கள்.

எதற்கும் அடங்காவிட்டால் மண்டையோட்டின் ஒரு பக்க எலும்பையே எடுத்துவிடுவார்கள். இடம் இருக்கிறது, வீங்கிக்கொள் என்று மூளைக்குச் சொல்வது போல. எடுத்த எலும்பை வயிற்றுத் தோலுக்கடியில் கொழுப்புக்குள் வைத்துத் தைத்து, சில மாதம் கழித்துத் திரும்ப எடுத்துப் பொருத்துவது நம் ஊரில் சாதாரணம். அதுவரை கட்டின்மேல் "இந்தப் பக்கம் எலும்பு இல்லை" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருப்போம். இந்தச் சிகிச்சையை ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வு 2016-ல் வந்தது. எலும்பை எடுத்தவர்களில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 27 பேர், எடுக்காதவர்களில் 49 பேர். ஆனால் பிழைத்தவர்களில் கண் திறந்திருந்தும் உலகை அறியாமல் கிடந்தவர்கள் முதல் கூட்டத்தில்தான் அதிகம். கையெழுத்துக் கேட்கும்போது, பிழைப்பாரா என்று மட்டும் கேட்காதீர்கள். பிழைத்தால் எப்படி இருப்பார் என்றும் டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, அதில் பாவம் ஒன்றுமில்லை.

கைக்குழந்தைகளுக்கு மட்டும் இயற்கை ஒரு சன்னலைத் திறந்து வைத்திருக்கிறது, உச்சிக்குழி. பாட்டிமார் எண்ணெய் வைத்துத் தடவும் இடம். ஒன்றரை வயது வாக்கில் மூடிக்கொள்ளும். குழந்தை அழாமல் நிமிர்ந்து இருக்கும்போதும் அது புடைத்து விண்ணென்று இருந்தால் காத்திருக்கக் கூடாது. வயதானவர்களின் கதை வேறு. மூளை சுருங்கி இடம் அதிகமாக இருப்பதால், குளியலறையில் லேசாக இடித்துக்கொண்டால்கூட உறைக்கடியில் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் வெளிப்படும். தாத்தாவுக்கு மறதி அதிகமாகிவிட்டது, நடை தள்ளாடுகிறது, வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். சின்னத் துளை போட்டு வடித்துவிட்டால் மறுவாரம் பேப்பர் படிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

எல்லாம் கைமீறிப் போனால் மூளைத்தண்டு செத்துவிடும். இதயம் தன் சொந்தத் தாளத்தில் துடித்துக்கொண்டிருக்கும், வென்டிலேட்டர் மூச்சைத் தள்ளிக்கொண்டிருக்கும், கை சூடாகவே இருக்கும். அந்தச் சூட்டைப் பிடித்துக்கொண்டு, உயிர் இருக்கிறதே சிஸ்டர் என்பார்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துத்தான் மூளைச்சாவு என்று கையெழுத்திடுகிறார்கள். முதல் சோதனைக்கும் இரண்டாவதற்கும் நடுவே அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பதைவிடக் கஷ்டமான பணி எங்கள் தொழிலில் இல்லை. உறுப்பு தானம் கொடுத்தவர்களை நான் கும்பிடுகிறேன். கொடுக்க மனசு வராதவர்களையும் ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை.

அவ்வளவு தூரம் போகவிடாமல் இருப்பது எப்படி? ஹெல்மெட்டின் வாரை மாட்டுங்கள். வார் மாட்டாத ஹெல்மெட் விழுவதற்கு முன்பே கழன்று ஓடிவிடும். விபத்தென்றால் 108. 2021 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில், சாலை விபத்தில் அடிபட்ட யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அரசுத் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் குறிப்பிட்ட வரம்புவரை இலவசம், ஆகவே பணத்துக்காக அலைந்து நேரத்தை விடாதீர்கள். அடிபட்டு ஒரு நிமிடம் நினைவு தப்பியிருந்தாலும், ஒன்றுக்கு மேல் வாந்தி எடுத்தாலும், வலிப்பு வந்தாலும், மூக்கிலோ காதிலோ ரத்தமோ தெளிந்த நீரோ வந்தாலும், ஸ்கேன் இருக்கிற ஊருக்கு நேராகப் போங்கள். பக்கத்துக் கிளினிக்கில் டி.டி. ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பாதீர்கள்.

ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினால், அன்று இரவு கூட ஒருவர் படுத்துக்கொள்ளுங்கள். தூங்கவே விடக்கூடாது என்பார்கள், அது தவறு. தூங்கட்டும். எத்தனை தரம் எழுப்பவேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு வந்து அத்தனை தரமும் எழுப்புங்கள். "ம்" என்றால் போதாது. பெயர், ஊர், நான் யார் என்று கேளுங்கள். முந்தின தடவையைவிட எழுப்புவது கடினமாக இருந்தாலோ, தலைவலி கூடினாலோ, குளறினாலோ, வழக்கமில்லாத குறட்டை வந்தாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. நூலகர் தம்பி, மேடைக்கு முன்னால் இருக்கிற இரண்டு குழல்விளக்கை மட்டும் அணைத்துவிடுங்கள். எல்லோரிடமும் செல்போனில் டார்ச் இருக்கிறது. கணவன் மனைவி, அண்ணன் தங்கை, பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் கேட்டுக்கொண்டு, கண்ணைப் பார்க்கப் போகிறோம். பாப்பா இரண்டும் ஒரே அளவா, வெளிச்சம் பட்டால் சுருங்குகிறதா, அவ்வளவுதான். ஐந்தில் ஒருவருக்கு இயல்பாகவே அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும், இரண்டும் நன்றாகச் சுருங்கும். பயப்பட வேண்டாம். கண்புரை ஆபரேஷன் செய்தவர்களுக்குப் பாப்பா வட்டமாகவே இல்லாமல் இருக்கலாம். அப்படி இருந்தால் எந்தக் கண் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஆதார் அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். நடுராத்திரி கேஷுவாலிட்டியில் என்னைப் போல ஒருத்தி இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது முன்னாலேயே இப்படித்தானா என்று கேட்டால், சொல்ல உங்களிடம் பதில் இருக்கும்.

டார்ச்சை நேராகக் கண்ணுக்கு முன்னால் நீட்டாதீர்கள். எதிரே தூரத்தில் எதையாவது பார்க்கச் சொல்லுங்கள். காதுப் பக்கத்திலிருந்து மெதுவாகக் கொண்டுவாருங்கள். முதலில் வலது கண்.